மான்சிலாஸ் காத்துவைத்த மடல்கள்

புனித பிரான்சிஸ் சவேரியாரைப் பற்றித் தமிழ்க் கத்தோலிக்கரைக் கேட்டால் சொல்வதற்கு அவர்களிடம் நிறையவே இருக்கும். கடலில் விழுந்த பாடுபட்ட சுரூபத்தை நண்டு கொண்டுவந்து கொடுத்த கதையைச் சொல்வார்கள். மணப்பாட்டுக் குகையைச் சொல்வார்கள். கோவாவில் வைக்கப்பட்டிருக்கும் அழியாத உடலைச் சொல்வார்கள். ஆனால் அவர் எழுதியவற்றில் ஒரு பக்கமாவது வாசித்ததுண்டா என்று கேட்டால் பெரும்பாலோர் மௌனம் சாதிப்பர். அவர் எழுதிய மடல்களும் அறிவுரைகளுமாக 137 ஆவணங்களை அறிஞர் ஷூர்ஹம்மரும் விக்கியும் 1944-45 ஆண்டுகளில் உரோமையில் பதிப்பித்தனர். அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை ஒரே ஆண்டில், ஒரே மனிதருக்கு, நம் தென்கடற்கரையிலிருந்தே எழுதப்பட்டவை. அந்த ஆண்டு 1544. அந்த மனிதர் பிரான்சிஸ்கோ மான்சிலாஸ். இம்மடல்களைக் குறித்தே இங்குச் சில கருத்துகளைக் கூற விழைகிறோம்.

முதலில், இவற்றை மறைத்து நிற்கும் பெரிய மடல் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1544 ஜனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து உரோமைத் தோழர்களுக்குச் சவேரியார் எழுதிய நீண்ட மடல் உலகறிந்தது. தமிழறிந்த சிலரைக் கூட்டிவைத்துக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழாக்கியது, கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று மக்களைக் கூட்டியது, திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்தது, தாம் போக இயலாத நோயாளிகளின் வீடுகளுக்குச் சிறுவர்களை அனுப்பிச் செபிக்க வைத்தது என எல்லாம் அதில் உண்டு. பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், படிப்பில் மூழ்கி ஆன்மாக்களை மறந்திருப்போரை நோக்கிப் பித்தனைப் போலக் கூவ வேண்டும் என்று தோன்றுவதாக அவர் எழுதும் பகுதியை வாசித்துக் கண்கலங்காத குருமட மாணவர் அரிது. 1545இலேயே அது பாரிசில் அச்சேறியது. எத்தனையோ இளைஞரைக் கப்பலேற்றிய மடல் அது.

அதன் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. ஆயினும் அது ஐரோப்பாவை நோக்கி எழுதப்பட்ட மடல். பலர் கூடியிருந்து உரக்க வாசிப்பார்கள் என்பதை அறிந்தே எழுதப்பட்டது. நடந்தது அனைத்தும் அங்கே ஏற்கெனவே பொருள் பெற்று, ஒழுங்குபட்டு நிற்கிறது. ஒரு மறைப்பணியாளரின் செவ்வாய்க்கிழமை எப்படியிருந்தது என்று அதிலிருந்து அறிய முடியாது. மான்சிலாசுக்கு எழுதிய குறுமடல்களில் அது தெரிகிறது. மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, திருச்செந்தூர், தூத்துக்குடி என்று ஊர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சில மடல்களுக்கிடையே ஓரிரு நாள் இடைவெளிதான். அவசரமாக எழுதி ஆள் கையில் கொடுத்தனுப்பியவை. வேறொருவர் வாசிப்பார் என்ற எண்ணமே அவற்றில் இல்லை.

மான்சிலாஸ் போர்த்துக்கீசர். 1541இல் லிஸ்பனிலிருந்து சவேரியாரோடு புறப்பட்டவர். கல்வியில் குறைந்தவர். 1544 பிப்ரவரியில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது குருப்பட்டம் பெறாதவர், தமிழும் அறியாதவர். பணியில் அவர் இளையவர் என்றால், அவருக்கு வழிகாட்டிய சவேரியாரும் நாற்பது வயதைத் தொடாதவரே. இந்தியா வந்து அவருக்கு இரண்டாண்டு நிறையவில்லை. இரு இளம் பணியாளர், நீண்டதொரு கடற்கரை, இடையில் நடந்தோ தோணியிலோ போகும் தூதாள். இதுதான் இம்மடல்களின் உலகம்.

இவற்றில் என்ன இருக்கிறது? முதல் வாசிப்பில் ஏமாற்றமே மிஞ்சும். தோணிகள் அனுப்பவேண்டும், தண்ணீர் ஏற்றவேண்டும், இன்ன பட்டங்கட்டியிடம் இன்னதைச் சொல்லவேண்டும், உங்கள் செய்தி வேண்டும், உடனே வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் 'வேண்டும்' என்ற சொல்லே. தியானத்துக்குரிய நூலை எதிர்பார்த்து வந்தவர் கடைக்காரரின் சிட்டைப் புத்தகத்தைத் திறந்துவிட்டோமோ என்று திகைப்பார்.

அரவேணுவில், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையோரத்து இச்சிற்றூரில், தவக்கால வியாழன் மாலைகளில் சிலரோடு கூடி இம்மடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தமிழில் சொல்லி வாசித்தோம். வந்தவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் சிலர், படுகர் இரண்டு மூன்று பேர், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் முதியோர் சிலர். போர்த்துக்கீச மடலுக்குள் தமிழ்ச் சொற்கள் அப்படியே கிடப்பது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. தோணி, பட்டங்கட்டி, பணம் என்று வந்துகொண்டே இருக்கின்றன. ஊர்தோறும் செபம் சொல்லிக்கொடுக்க அமர்த்தப்பட்ட உபதேசியாருக்குச் சவேரியார் வழங்கும் பெயர் 'கணக்கப்பிள்ளை'. அந்தச் சொல்லைக் கேட்டதும் இலங்கையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, அரைநாள் பேரை வெட்டுகிறவர். "செபம் சொல்லிக்குடுக்கிற கணக்கப்பிள்ளையை இப்பதான் சாமி கேள்விப்படுறேன்" என்றார். எழுத்தும் கணக்கும் அறிந்த ஊர்க்காரரையே சவேரியார் செபம் கற்பிக்கவும் நியமித்தார் என்பதை விளக்கினோம். அந்தச் சிரிப்புக்குப் பின்தான் மடல்கள் எங்கள் கூட்டத்துக்குச் சொந்தமாயின என்று சொல்லலாம்.

இனி, சிட்டைப் புத்தகம் என்னும் குறைக்கு வருவோம். திருத்தூதர் பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் இறுதியில், துரோவாவில் கார்ப்புவிடம் விட்டுவந்த மேலங்கியையும் தோற்சுருள்களையும் எடுத்துவருமாறு கேட்கிறார். குளிர்காலத்துக்கு முன் வந்து சேர் என்றும் சொல்கிறார். சாவை எதிர்நோக்கியிருக்கும் சாட்சியின் திருமுகத்தில் ஒரு போர்வையின் கவலை. திருச்சபை அவ்வரிகளை அற்பமென்று வெட்டிவிடவில்லை; பீடத்தில் வைத்து வாசிக்கும் நூலுக்குள் அவையும் இருக்கின்றன. வார்த்தை மாமிசமானார் என்று அறிக்கையிடும் மறைக்கு அரிசியும் தண்ணீரும் தோணியும் வெளியுலகப் பொருள்களாக இருக்க முடியாது. மான்சிலாஸ் மடல்களை இந்த வழியில் வாசிக்கவேண்டும் என்பது நமது கருத்து. விசுவாசம் என்பது தேவைகளைக் கடந்தபின் கிடைக்கும் நிலையாக இவற்றில் இல்லை. தேவைகளுக்கு நடுவே, பெரும்பாலும் அவற்றின் குரலிலேயே, அது பேசுகிறது.

இதற்கு ஒரு மடலே சான்று தருகிறது. தமிழர்க்கு இதைவிடச் சுவையான பகுதி சவேரியாரின் எழுத்து முழுவதிலும் இல்லை என்போம். விசுவாசப் பிரமாணத்தின் தமிழாக்கத்தில் ஒரு திருத்தம் செய்யும்படி அவர் மான்சிலாசுக்கு எழுதுகிறார். 'எனக்கு வேணும்' என்று சொல்லிவந்த இடத்தில் இனி 'விசுவாசம்' என்று சொல்லவேண்டும். 'வேணும்' என்பது விரும்புகிறேன் என்று பொருள்படும், நாம் சொல்லவேண்டியதோ விசுவசிக்கிறேன் என்பது. அதே மடலில் இன்னொரு சொல்லையும் நீக்கச் சொல்கிறார். அது வன்முறையால் என்று பொருள்படுவதாம். கிறிஸ்துவோ தம் விருப்பத்தோடு பாடுபட்டவர்.

எண்ணிப் பார்க்கவேண்டும். ஓராண்டுக்கு மேலாகக் கடற்கரையெங்கும் ஆயிரக்கணக்கானோர் தந்தையும் மகனும் தூய ஆவியும் தங்களுக்கு 'வேணும்' என்று காலையும் மாலையும் உரக்கச் சொல்லிவந்திருக்கிறார்கள். பிழைதான். திருத்தவேண்டிய பிழைதான். தம் மொழியை வாஸ்கு என்றும் மக்களின் மொழியை மலபார் மொழி என்றும் குறித்து, இரண்டுக்கும் இடையிலிருந்த தூரத்தை மறைக்காத அந்த மனிதர், பிழை தெரிந்தவுடன் வெட்கப்படாமல் திருத்தினார். மொழிபெயர்ப்பில் கைவைத்தவர்களுக்கு இது எத்தகைய தாழ்ச்சி என்பது தெரியும். ஆனால் அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்த பெயர் தெரியாத தமிழர் முழுத் தவறு செய்துவிடவில்லை என்றும் நமக்குத் தோன்றுகிறது. தமிழில் விருப்பத்துக்கும் செபத்துக்கும் வேர் ஒன்றே. வேண்டுவதும் வேண்டுதலும் ஒரே சொல்லின் கிளைகள். அந்த ஏழைப் பரதவர்க்குக் கடவுள் முதலில் வேண்டியவராக இருந்தார்; நம்பத்தக்கவர் என்ற சொல் பிறகு வந்தது. நம்மில் பலருடைய விசுவாச வரலாறும் இந்த வரிசையில்தானே இருக்கிறது.

நன்றியுணர்வைப் பற்றியும் மடல்கள் இதுபோன்றே பேசுகின்றன. மான்சிலாஸ் சோர்ந்துபோகிறவர் என்பது மறுமொழிகளிலிருந்தே தெரிகிறது. அவர் எழுதியவை நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் முறையீடு என்னவென்று அறிவுரையைக் கொண்டே ஊகிக்கலாம். மக்கள் சொன்னதைக் கேட்பதில்லை, வேலை ஓய்வதில்லை, பலன் தெரிவதில்லை. சவேரியாரின் பதில் ஆறுதல் மொழியாக இல்லை. நல்ல தந்தையர் கெட்ட பிள்ளைகளிடம் நடந்துகொள்வதுபோல் இவர்களிடம் நடந்துகொள்ளும் என்கிறார். இத்தனை குற்றங்களைக் கண்டும் கடவுள் அவர்களைக் கொல்லவில்லை, அவர்களுக்கு வேண்டிய உணவைக் கொடுப்பதையும் நிறுத்தவில்லை என்று நினைவூட்டுகிறார். செய்ய விரும்பியதெல்லாம் செய்ய முடியாவிட்டால் முடிந்ததில் மனநிறைவு கொள்ளச் சொல்கிறார். இன்னும் ஒரு படி போய், உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும், பாவங்களை இவ்வுலகிலேயே கழிக்கவிடுவது கடவுள் உமக்குக் காட்டும் பெரிய இரக்கம் என்று அறிந்துகொள்ளும் என்றும் எழுதுகிறார்.

இந்தக் கடைசி அறிவுரையை வாசித்தபோது எங்கள் கூட்டத்தில் இருந்த தோட்டத் தொழிலாளர் ஒருவர் முகம் சுளித்தார். எங்களோடு இருப்பது சாமிமாருக்கு உத்தரிக்கிற ஸ்தலமா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பங்கு மக்களைத் தண்டனையாகப் பார்க்கும் குரு அவர்களை எப்படி நேசிப்பார்? சவேரியார் பேசுவது தம் தோழரின் பாவத்தைக் குறித்தேயன்றி மக்களின் தீமையைக் குறித்து அன்று என்று சொல்லலாம். அதுவும் முழு விடையாகாது. அந்த உவமை கசப்பானது, கசப்பாகவே இருக்கட்டும். ஆனால் அதன் உட்கருத்தை விட்டுவிடக்கூடாது. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயரிட்டார். சொல்லுதல் என்றில்லை, அறிதல் என்றே வைத்தார். சவேரியார் மான்சிலாசிடம் கேட்பதும் இதையே. மகிழ்ச்சியாக இருக்கச் சொல்லவில்லை. நன்றிப் பாடல் பாடச் சொல்லவில்லை. நிற்கும் இடம் ஒரு கொடை என்பதை அறியச் சொல்கிறார். அறிந்தவர் அங்கேயே நிற்பார். நன்றியை உணர்ச்சியாக எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, அதை ஒரு நிலைத்தன்மையாகக் காட்டுவது இம்மடல்களின் தனிச் சிறப்பு.

அவரே அப்படி நின்றாரா? 1544 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம். வடுகப் படையினர் கன்னியாகுமரிப் பகுதிக் கிறிஸ்தவ ஊர்களைத் தாக்கினர். மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடிப்போய்ப் பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தனர். செய்தி கிடைத்ததும் சவேரியார் இருபது தோணிகளில் உணவேற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தது. எட்டு நாள் கடலில் போராடியும் துடுப்பு வலித்தும் போய்ச் சேர முடியவில்லை. மணப்பாட்டுக்குத் திரும்பியபின் மான்சிலாசுக்கு எழுதும் மடலில் இதைச் சில வரிகளில் சொல்லி முடிக்கிறார். பின்னர்க் கால்நடையாகவே அங்கே போனார். உண்ண ஒன்றுமில்லாதவர்கள், நடக்கமாட்டாத முதியவர்கள், வழியிலேயே இறந்துகிடந்தவர்கள், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள் என்று அவர் கண்டதை ஆகஸ்டு முதல் நாள் மடல் சொல்கிறது. ஜனவரி மடலின் வீச்சு இதில் சிறிதும் இல்லை. தோற்றுப்போன பயணத்தின் கணக்கு அது. ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு அவர் திருமுழுக்கு அளித்ததை எல்லா வாழ்க்கை வரலாறுகளும் விரித்துரைக்கின்றன. போய்ச்சேராத இருபது தோணிகளை எத்தனை நூல்கள் நிறுத்திச் சொல்கின்றன?

இங்கே நீலகிரி வாசகர் தடுக்கி விழும் கல் ஒன்று கிடக்கிறது. அதைப் பேசாமல் தாண்டிப்போவது நேர்மையாகாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்தப் படையினரின் பெயர் 'படகாஸ்' என்று இருக்கிறது. அரவேணுவைச் சுற்றிலுமுள்ள ஊர்களில் வாழ்கின்ற படுகர் பெருமக்களின் பெயரும் ஆங்கிலத்தில் அவ்வாறே எழுதப்படுகிறது. கொள்ளையிட்டார்கள், எரித்தார்கள், பெண்களைச் சிறைபிடித்தார்கள் என்று ஒரு புனிதரின் மடலில் தம் சமூகத்தின் பெயரோடு வருவதைக் கேட்ட படுக இளைஞர் ஒருவர் அன்று ஒன்றும் பேசாமல் எழுந்துபோனார். அடுத்த வியாழன் வந்தார். அதற்குள் நாமும் கொஞ்சம் தேடி வைத்திருந்தோம்.

வடக்கிலிருந்து வந்தவர் என்பதே வடுகர் என்ற சொல்லின் பொருள். 1544இல் கடற்கரை மக்கள் அப்பெயரால் குறித்தது விசயநகர ஆட்சியைச் சார்ந்த தெலுங்குப் படையினரை. நீலகிரிப் படுகரோ மைசூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த உழவர் என்பது அவர்களுடைய மரபு வழிச் செய்தி. அவர்கள் மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. பெயர் ஒன்று, மக்கள் வேறு. இன்னும் ஒரு செய்தி எங்கள் கூட்டத்துக்குப் பெரிதும் இனித்தது. சவேரியாரின் மடல்களுக்கு 59 ஆண்டுகளுக்குப் பின், 1603இல், அதே இயேசு சபையைச் சேர்ந்த பெனீசியோ அடிகளார் மலையாளக் கரையிலிருந்து இம்மலைமீது ஏறிவந்தார். தோதவரைத் தேடிவந்த அவர் படுகரையும் ஊர்களில் வாழும் குடிகளாகக் கண்டு எழுதினார். நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் விவரம் அதுவே. மானிடவியலார் ரிவர்ஸ் தோதவரைப் பற்றி 1906இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் அதனைக் காணலாம். ஆக, ஒரே சபையாரின் எழுத்தில் ஒரே பெயர், ஓரிடத்தில் படைவீரருக்கும் மற்றோரிடத்தில் வழிப்போக்கர் சந்திக்கும் மலைக் குடிகளுக்கும் ஆகிவருகிறது. இம்மடல்களைத் தமிழாக்க முனைவோர் ஆங்கிலத்தை ஒலிபெயர்த்துப் 'படகர்' என்று போட்டுவிடக்கூடாது. 'வடுகர்' என்றே எழுதவேண்டும். அடியில் ஒரு குறிப்பும் தரவேண்டும். இது அச்சுப்பிழை போன்ற சிறு விஷயமன்று. ஒரு வாசகனை நன்றியோடு வாசிக்கவிடுவதா, தலைகுனிய வைப்பதா என்பது இதில் அடங்கியிருக்கிறது.

அதற்காக மடல்களில் தலைகுனியத்தக்கது எதுவுமே இல்லை என்று நாம் வாதிக்கப்போவதில்லை. சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டமும் காவலும் விதிக்கச் சொல்லும் வரிகள் இருக்கின்றன. சிறுவர்கள் சிலைகளை உடைத்ததை மகிழ்ந்து பாராட்டும் பகுதி ஜனவரி மடலில் இருக்கிறது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயத்தாரைக் குறித்துப் பேசிய மொழிக்கும் அதற்கும் வெகுதூரம். வடுகர் தரப்பில் என்ன நியாயம் இருந்தது என்று கேட்கும் பொறுமையும் அவரிடம் காணவில்லை. புனிதர் என்பதற்காக இவற்றை விழுங்கிவிடும் பதிப்புகள் நமக்கு வேண்டா. கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர், ஆண்கள் குடித்ததற்கு என்ன தண்டம் என்று கேட்டதற்கு நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

தம் நாட்டார் செய்த அநீதியைக் கண்டபோது சவேரியார் எழுதியவை வேறு தரத்தன. 1544 மார்ச்சில் போர்த்துக்கீசர் சிலர் இழைத்த கொடுமைகளைக் கேட்டு, வாழ்வே சலித்துவிட்டதென்றும், இவற்றையெல்லாம் கேட்காத தொலைதூரத்துக்கு, அபிசீனிய அரசரின் நாட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றுவதாகவும் எழுதுகிறார். நின்ற இடத்தைக் கொடையென்று அறியச் சொன்ன அதே கை இதையும் எழுதியது. முரண்பாடு என்று இதனைக் குறைகூறுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஓடிவிடத் தோன்றாதவர் நிற்பதில் என்ன இருக்கிறது? தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசத் தலைவர் கோஸ்மே தெ பைவாவின் நடத்தை அவருக்கு அறவே பிடிக்கவில்லை, கடுமையாகவே எழுதியிருக்கிறார். ஆனால் செப்டம்பரில் வடுகர் தாக்கி அம்மனிதரின் வீடும் கப்பலும் எரிந்து, அவர் தீவுகளுக்கு ஓடிப்போனார் என்ற செய்தி வந்தவுடன் ஆலந்தலையிலிருந்து மான்சிலாசுக்கு விரைந்து எழுதினார். புன்னைக்காயல் மக்களையும் தோணிகளையும் திரட்டிக்கொண்டு தண்ணீரோடு அவருக்கு உதவப் போகவேண்டும். பகைவரை நேசிப்பது பற்றிய மறையுரை ஏதும் அதில் இல்லை. தண்ணீர் கொண்டுபோ என்பது மட்டுமே.

இத்தனைக்கும் நடுவே ஓர் இளைஞனின் பெயர் அடிக்கடி வருகிறது. மத்தேயு. மான்சிலாசுக்குத் துணைநின்று அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவன். அவன் நல்ல மகனாக இருக்கட்டும், நான் அவனுக்கு நல்ல தந்தையாக இருப்பேன் என்று சொல்லியனுப்புகிறார் சவேரியார். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மணப்பாட்டுக்கே கேட்கும்படி உரக்கப் பேசச் சொல்லும் என்று வேடிக்கையாகவும் எழுதுகிறார். அந்தக் கண்டிப்பான மனிதர் சிரிப்பது இத்தகைய சில இடங்களில்தான். தமிழறியாத பணியாளரின் ஒவ்வொரு சொல்லும் மக்களின் காதில் மத்தேயுவின் குரலாகவே விழுந்திருக்கும். முத்துக்குளித்துறை கேட்ட நற்செய்திக்கு அவனுடைய உச்சரிப்புத்தான் இருந்தது. இவனையும் இளம் மறைப்பணியாளன் என்றே நாம் எண்ணுகிறோம். நம் மலைத் தோட்டங்களிலும் குருக்கள் மாதமொருமுறை வந்துபோன காலத்தில், லயன்களில் செபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து, செத்தவர்களை அடக்கம் செய்துவைத்த உபதேசியார்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் மடல் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவற்றிலும் அரிசியும் சப்பாத்தும் சவப்பெட்டிப் பலகையும் வந்திருக்கும்.

பதிப்புகளைப் பற்றி ஒரு சொல். 1872இல் கோல்ரிட்ஜ் அடிகளார் வெளியிட்ட ஆங்கில நூல் பழைய லத்தீன் வடிவத்தைப் பின்பற்றியது. அந்த லத்தீனோ சவேரியாரின் வெட்டுவெட்டான வாக்கியங்களை அலங்கரித்து நீட்டியது. இரண்டு வரிக் கட்டளை அங்கே ஒரு சிறு மறையுரையாகிவிடுகிறது. 1992இல் வெளிவந்த காஸ்டெல்லோ அடிகளாரின் மொழிபெயர்ப்பே நம்பத்தக்கது. மூலத்தின் வறட்சியையும் அது காக்கிறது. தமிழில் செய்வோர் முத்துக்குளித்துறைப் பேச்சறிந்தவராக இருந்தால் நலம். தோணியும் பட்டங்கட்டியும் கணக்கப்பிள்ளையும் தம் வீட்டுக்குத் திரும்பிவரும் மொழிபெயர்ப்பாக அது அமையும். மறைமாவட்டங்கள் விழா மலர்களுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கு போதும்.

மான்சிலாஸ் என்ன ஆனார்? 1545இல் குருப்பட்டம் பெற்றார். 1546 மே மாதம் சவேரியார் அம்போன் தீவிலிருந்து எழுதி அவரை மலுக்குத் தீவுகளுக்கு வரச் சொன்னார். மான்சிலாஸ் போகவில்லை. ஏன் என்று ஆராய்வோர் ஆராயட்டும். பழகிய கரையை விட்டுப்போக மனம் வராதிருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம். கீழ்ப்படியாமையைச் சவேரியார் பொறுப்பவரல்லர். அவரைச் சபையிலிருந்து நீக்கினார். பொறுமையாயிரும், மனநிறைவு கொள்ளும் என்று அத்தனை மடல் எழுதிய அன்பான அண்ணன், கடைசியில் கதவைச் சாத்தினார்.

சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத் தீவில் மரித்தார். போர்த்துக்கல் அரசர் மூன்றாம் ஜானின் ஆணைப்படி 1556-57 ஆண்டுகளில் அவருடைய வாழ்வைக் குறித்துச் சாட்சியங்கள் திரட்டப்பட்டன. கொச்சியில் சாட்சி சொன்னவர்களுள் மான்சிலாசும் ஒருவர். சபையின் உறவு அறுந்தபின் அந்தக் குறுமடல்களை அவர் எரித்திருக்கலாம், தொலைத்திருக்கலாம். அவசரமாகக் கிறுக்கிய அந்தத் தாள்களில், தம் குறைகளைச் சுட்டிக்காட்டும் வரிகளும் அவருடைய கண்ணெதிரே இருந்தன. தோணி அனுப்பு, தண்ணீர் கொண்டுபோ, மத்தேயுவை உரக்கப் பேசச் சொல் என்ற அத்தனையும் இன்று நமக்குக் கிடைத்திருப்பது, அவர் ஒன்றையும் எறிந்துவிடாமல் வைத்திருந்ததால்தான்.